78 ஆண்டு தாமதித்த பரிசு

ஆசிரியர் அவர்களுக்கு,

பேத்தி படிக்கும் கல்லூரியில் தரவு அறிவியல் துறைக்குப் போயிருந்தேன். சுவர் நிறைய அமெரிக்க கம்பெனி முதலாளிகளின் படங்கள். "சி.ஆர்.ராவ் படம் இல்லையா?" என்றேன். "யார் சார் அவர்?" என்றார் அங்கிருந்த இளம் ஆசிரியர்.

கையிலுள்ள தரவை வைத்து, ஒரு பக்கம் சாயாமல், ஒரு மதிப்பை எவ்வளவு துல்லியமாகக் கணிக்கலாம்? எந்தக் கெட்டிக்காரனாலும் தாண்ட முடியாத எல்லை எது? இதை 1945இல் கல்கத்தாவில் வெளியான கட்டுரையில் காட்டியவர் நம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ராவ். அப்போது வயது சுமார் 25தான். அந்தக் கட்டுரையைக் கொண்டாடிப் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு வந்தது 2023இல், 102 வயதில். அதே ஆண்டு ஆகஸ்டில் காலமாகிவிட்டார். பத்ம விபூஷண் 2001லேயே கொடுத்தார்கள், சரி. மாணவர்களுக்குப் பெயர்கூடத் தெரியவில்லையே!

ஜூன் 29, இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிஸின் பிறந்தநாள், தேசியப் புள்ளியியல் தினம். அன்று ஓர் ஆய்வாளரைக் கல்லூரிக்கு அழைத்து, சம்பளப் பேச்சை விட்டுவிட்டு, தன் சொந்த ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லலாம். ராவ் படத்துக்குச் சட்டம் போடும் செலவு என்னுடையது.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருச்சி