திட்டத்தை நடுவழியில் மாற்ற அனுமதி தாருங்கள்: ஆராய்ச்சி நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் கோப்பு உங்களிடம் இருப்பதால் பழைய கதையை முழுவதும் சொல்லவில்லை. தங்க நானோ துகள்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள்களை வைத்து டெங்கு கண்டறியும் சோதனைப் பட்டை செய்யும் கூட்டுத் திட்டம் எங்களுடையது. வேதியியல், மருத்துவம், மின்னணுவியல் என மூன்று குழுக்கள், மூன்று ஊர்கள். அட்டவணைப்படி மைல்கல்லை ஏன் எட்டவில்லை என்று விளக்கம் கேட்டுப் போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. அந்த விளக்கத்தை நாங்கள் பதினான்கு மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டோம், ஐயா.

சிட்ரேட் என்ற வேதிப்பொருள் பூசிய தங்கத் துகள்களின் கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். துகள்கள் தனித்தனியாக மிதக்கும் வரைதான் அந்த நிறம். உப்பு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊதாவாகி நீலமாகிவிடும். எங்கள் ஆராய்ச்சி மாணவி கரைசலை ஐஸ் பெட்டியில் வைத்து, உறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, இரவுப் பேருந்தில் மருத்துவக் குழுவிடம் கொண்டு போவார். காலையில் அங்குள்ள உப்புக் கரைசலில் கலந்ததும் கண்ணெதிரே நீலமாகும். நான்கு முறை போனார், நான்கு முறையும் அதேதான். சிட்ரேட் தாங்காது, உப்பைத் தாங்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சுக்கு மாற வேண்டும் என்று புரிந்துவிட்டது. அதற்குத் தேவை 90,000 ரூபாய். கன்ஸ்யூமபிள்ஸ் ஹெட்டில், அதாவது வேதிப்பொருள் போன்ற செலவாகும் பொருட்களுக்கான கணக்குத் தலைப்பில், பணம் இல்லை. கருவிகளுக்கான ஈக்விப்மென்ட் ஹெட்டில் 7 லட்சம் செலவாகாமல் கிடந்தது. அதிலிருந்து மாற்றித் தரும்படி கேட்டோம்.

முதல் கூட்டத்தில் படிவம் சரியில்லை என்றீர்கள். ஆறு மாதம் கழித்து நடந்த அடுத்த கூட்டத்தில் எங்கள் கோப்பை எடுக்க நேரமில்லை. அப்புறம் மார்ச் 31 வந்தது, மீதிப் பணம் திரும்பிப் போனது. புது நிதியாண்டில் பணம் வந்தபோது அதே ஹெட்களில், அதே கணக்கில் வந்தது. இடையில் ஐந்து மாதம் உதவித்தொகை வராமல் அந்த மாணவி ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

நானோ ஆராய்ச்சியில் துகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது செய்து பார்த்த பிறகுதான் தெரியும். கூட்டுத் திட்டம் என்றால் ஒருவர் கண்டுபிடித்தது மற்ற இருவரின் வேலையையும் மாற்றும். மின்னணுக் குழு தன் கருவியை 520 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு அமைத்தது, ஏனென்றால் சிறிய தங்கத் துகள்கள் அதை ஒட்டித்தான் ஒளியை உறிஞ்சும். துகளின் அளவை நாங்கள் கூட்டினால் அவர்கள் அமைப்பையும் திருத்த வேண்டும். மூன்று ஆண்டுக்கும் மாதவாரியாக முன்கூட்டியே எழுதி வாங்கிய காண்ட் சார்ட் என்ற வேலை அட்டவணையில் இதற்கு எங்கே இடம்? திட்டத்தை நடுவழியில் மாற்ற அனுமதி வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

2007-இல் நானோ ஆராய்ச்சியை வளர்க்கும் அரசுத் திட்டமான நானோ மிஷனுக்கு 1000 கோடி ரூபாய் ஒதுக்கிய நாடு இது. 2025 ஜூனில் ஆய்வுக்கூடங்கள் விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக மத்திய அரசு உயர்த்தியது. மனமார வரவேற்கிறோம். ஆனால் எதை வாங்க வேண்டும் என்பதை மாற்றவே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கும்போது, வாங்கும் வேகம் கூடி என்ன பயன்? தவறாத அட்டவணையைக் கேட்கிறீர்கள். தவறைச் சீக்கிரம் கண்டுபிடித்த குழுவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புகிறீர்கள். இப்படியே போனால் எந்தக் குழுவும் உண்மையான முடிவை அறிக்கையில் எழுதத் துணியாது.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த ஆறு மாத வேலையை மட்டும் விரிவாக எழுதவும், அதற்குப் பிறகு வருவதை உத்தேசமாக வைக்கவும் அனுமதியுங்கள். மூன்று குழுவின் தலைவர்களும் உங்கள் பிரதிநிதி ஒருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காணொலியில் பேசி முடிவெடுக்கட்டும். ஒதுக்கீட்டில் இருபது சதவீதம் வரை ஹெட் மாற்றிச் செலவு செய்துவிட்டுத் தகவல் தர வழி செய்யுங்கள். கணக்கை எப்போது கேட்டாலும் காட்டுகிறோம்.

இவற்றுக்கெல்லாம் நாள் ஆகும் என்றால், அந்த 90,000 ரூபாயை மட்டுமாவது இந்த மாதக் கூட்டத்தில் மாற்றிக் கொடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மருத்துவமனைக்கு டெங்கு நோயாளிகள் அதிகமாக வருவார்கள். எங்களுக்கு சாம்பிள் அப்போதுதான் போதுமான அளவு கிடைக்கும். ஒரு மழைக்காலத்தை ஏற்கெனவே இழந்துவிட்டோம்.

இப்படிக்கு,
திட்டத்தின் வேதியியல் குழுவிலிருந்து ஒரு பேராசிரியர்