பரணுக்கு நாலே முக்கால் கோடியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தை முழுவதுமாக மூடிக்கொண்டு வந்த விளம்பரம் ஒன்றைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். ஆழ்வார்பேட்டையில் ‘நியூயார்க் பாணி சொகுசு லாஃப்ட்’ விற்பனைக்குத் தயார், மூன்று படுக்கையறை, 2,150 சதுர அடி, இரட்டை உயரக் கூடம் என்று அதில் கண்டிருந்தது. அதைப் படித்த என் மனைவி, “பழைய அண்டா குண்டானைப் போட்டு வைக்கிற இடத்துக்கா இத்தனை கோடி?” என்று கேட்டார். நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் பரண்தானே.

விளம்பரம் சொல்லும் லாஃப்ட் வேறு என்பதை அவருக்கு விளக்கினேன். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புத் தூண்களும் பெரிய சன்னல்களும் வைத்துக் கட்டிய பட்டறைகளும் கிடங்குகளும், தொழில்கள் வெளியேறிய பின் காலியாகக் கிடந்தன. மின்விளக்கு பரவாத காலத்தில் வேலைத்தளத்தின் உட்பகுதி வரை வெளிச்சம் போகவேண்டும் என்பதற்காக வைத்த உயரமும் சன்னல்களும், 1960களில் பெரிய துணிகளில் வரைந்த ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் வசதியாக அமைந்தன, வாடகையும் மலிவு. குடியிருக்க அனுமதி இல்லாததால் பலர் ஒளிந்து வாழ்ந்த அந்த இடங்களில் கலைஞர்கள் வசிப்பதை 1971இல்தான் நகர நிர்வாகம் முறைப்படுத்தியது. காசில்லாதவன் குடியேறிய கிடங்கு, அரை நூற்றாண்டில் ஆழ்வார்பேட்டையின் சொகுசு வீடாகிவிட்டது.

மகளும் மருமகனும் வீடு தேடிக்கொண்டிருந்ததால், அவர்களுடன் நானும் மாதிரி வீட்டைப் பார்க்கப் போனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டடத் துறையில் பணியாற்றியவன் என்பதால் அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது என் பழக்கம். கூடத்தின் உயரம் பார்ப்பதற்கு அழகுதான், மறுக்கவில்லை. கூடத்தின் ஓரத்தில் ஓர் இரும்புப் படிக்கட்டு, அதன் மேலே கண்ணாடித் தடுப்பு வைத்த இடைத்தளம். அதுதான் மூன்றாவது படுக்கையறை என்றார் விற்பனையாளர். ஏறி நின்று கையைத் தூக்கினேன். விரல் கூரையைத் தொட்டது. நாடா காட்டிய உயரம் 6 அடி 11 அங்குலம், அதாவது சுமார் 2.1 மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டரும், இடைத்தளத்துக்குக் குறைந்தது 2.2 மீட்டரும் உயரம் வேண்டும் என்கிறது. அதாவது, இது படுக்கையறைக்கும் போதாது. இடைத்தளத்துக்கும் மூன்றரை அங்குலம் குறைவு. இடைத்தளத்தைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் இரண்டின் முனைகள் தூணிலோ உத்தரத்திலோ சேராமல் சுவரில் செருகப்பட்டிருந்தன. தட்டிப் பார்த்தேன், பாரம் தாங்குவதற்காகக் கட்டிய சுவர் அல்ல அது, எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்லான ஏஏசி பிளாக் வைத்து வெறுமனே அடைத்த சுவர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சூடான காற்று மேலேதான் போகும் என்பது எல்லோரும் அறிந்தது. மரச் சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையிட்ட பழைய வீடுகளில் உயரமான கூடம் குளுமையாக இருந்ததற்குக் காரணம், நாம் கீழே இருந்தோம், சூடு மேலே இருந்தது. இங்கோ சூடு சேரும் இடத்தில் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள், அதுவும் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு எதிரில். சமையலறைக்கும் கதவில்லை, மேலே உள்ள அறைக்கும் கதவில்லை. கீழே மிளகாய் தாளித்தால் மேலே தூங்குபவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

வசதியும் வசதிக்குறைவும் வாங்குபவரின் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அனுமதித்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அதில் இடைத்தளமே இல்லை. பணி நிறைவுச் சான்றிதழ் பெற்ற பிறகு அதை அமைத்ததாகவும், ‘எல்லா வீட்டுக்கும் அப்படித்தான், யாரும் கேட்பதில்லை’ என்றும் விற்பனையாளர் சொன்னார். வரைபடத்தின்படி வீடு இரண்டு படுக்கையறை கொண்டது. கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுச் சுவர்களுக்குள் புழங்கும் தரைப் பரப்பு, 1,180 சதுர அடி. விளம்பரத்தில் கண்ட 2,150 என்பது பொது இடங்களின் பங்கு, இடைத்தளம், கூடத்தின் மேலே தரையே இல்லாத வெற்றிடத்தில் பாதி ஆகியவற்றைச் சேர்த்துச் சொன்ன கணக்கு. சதுர அடி 22,000 ரூபாய் வீதம் விலை 4 கோடியே 73 லட்சம். அதையே கார்பெட் ஏரியாவால் வகுத்தால் சதுர அடி 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. காற்றுக்கும் சதுர அடிக் கணக்கில் விலை வைத்ததை நான் இங்கேதான் பார்த்தேன்.

‘ஜிஎஸ்டி முழுவதும் தள்ளுபடி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பணி நிறைவுச் சான்றிதழ் பெற்ற கட்டடத்தில் வீடு வாங்கினால் சட்டப்படியே ஜிஎஸ்டி கிடையாது. இதில் விற்பவர் தள்ளுபடி செய்ய ஒன்றுமில்லை. மாறாக, 3 கோடிக்கு மேற்பட்ட புதிய அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் முத்திரைத்தாள் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் என்பதால் ஏறக்குறைய 42 லட்சத்து 57 ஆயிரம் ரூபாய் தனியாகக் கட்டவேண்டும் என்பதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரியும் இல்லை. அனுமதியில்லாத இடைத்தளத்தை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்கமாட்டார். நாளை அதை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது வீட்டுக்காரரின் பெயருக்குத்தான் வரும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியை விளம்பரத்தில் எடுப்பாகத் தெரியும்படி குறிப்பிடவேண்டும், அந்த ஆணையத்தில் கட்டடத் திட்டத்தைப் பதிந்து பெற்ற பதிவு எண்ணையும் சேர்க்கவேண்டும் என்கிறது. தங்கள் நாளிதழில் வந்த விளம்பரத்தில் இவ்விரண்டும் அடி ஓரத்தில், கடுகளவு எழுத்தில், சாம்பல் நிறத்தின்மேல் வெள்ளையாக இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்து ஏமாந்தவர் இழப்பீடு கேட்கலாம், விலகினால் வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 12ஆம் பிரிவு சொல்வதை வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மிகாத கட்டடங்களுக்கு ஆணையத்தில் பதிவே தேவையில்லை என்பதால், பழைய பங்களாவை இடித்து நான்கைந்து வீடுகளாகக் கட்டும் ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம் போன்ற பகுதிகளில் சரிபார்க்க ஓர் எண்கூட இல்லாத சொகுசு வீடுகளும் விற்பனைக்கு வருகின்றன.

விளம்பரத்துக்கு நாளிதழ் பொறுப்பல்ல என்ற வழக்கமான வரியைத் தாங்களும் வெளியிடுகிறீர்கள் என்பதை அறிவேன். ஆனாலும், வீட்டு விளம்பரங்களை ஏற்கும்போது கார்பெட் ஏரியா, பிரிக்கப்படாத நிலப் பங்கின் (கட்டடம் நிற்கும் நிலத்தில் அந்த வீட்டுக்குச் சேரும் பங்கு) அளவு, பதிவு எண் அல்லது பதிவு தேவைப்படாததற்கான காரணம் ஆகிய மூன்றும், விலை அச்சாகும் அதே அளவு எழுத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் தங்கள் விளம்பரப் பிரிவு விதிக்க முடியும். அவ்வாறு செய்யத் தாங்கள் முன்வருவீர்களா என்பதை இந்த வாசகர் கடிதப் பகுதியிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மந்தைவெளி, சென்னை.