வெள்ளனே கீரிப்பாறைக்கு பைக்கில் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

கீரிப்பாறையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். தடிக்காரன்கோணம் தாண்டி மேலே ஏறும் ரோட்டில் நீ போகப்போகிற நேரம்தான் எனக்குக் கவலை. வெயில் ஏறும் முன்னே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், அதனால் இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். ராத்திரி முழுக்க மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) தோண்டித் தின்ற காட்டுப்பன்றி காட்டுக்குத் திரும்புவதும் அதே நேரம்தான்.

ஆனைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் முன்சக்கரத்தில் வந்து மோதுவது பெரும்பாலும் பன்றி. மிளா மானின் கண்ணில் லைட் பட்டால் மின்னும், தூரத்திலேயே தெரியும். பன்றிக் கண்ணுக்கு அந்த மினுக்கம் கிடையாது. மயிரும் கறுப்பு, தாரும் கறுப்பு. நன்கு வளர்ந்த ஆண்பன்றி 80 கிலோவுக்கு மேலும் இருக்கும். அது முன்சக்கரத்தில் இடித்தால் ஹேண்டில் ஒரேயடியாகத் திரும்பிவிடும், நீ வண்டிக்கு முன்னால் போய் விழுவாய்.

கணக்கைப் பார். எதிர்பாராத ஒன்றை இருட்டில் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வை. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 25 மீட்டர் போயிருப்பாய். காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 23 மீட்டர். 40-இல் போனால் மொத்தமே 27 மீட்டர்தான். ரோடு நனைந்திருந்தால் 40-க்கே 32 ஆகிவிடும். டிம் லைட்டில் கறுத்த பன்றி ஏறக்குறைய 30 மீட்டருக்குள் வந்தால்தான் கண்ணில் படும். ஆகவே காய்ந்த ரோட்டில் 40, மழையில் 30. ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பு, அவ்வளவுதான்.

லைட்டையும் சரியாக வைக்க வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் தாழும், வெளிச்சம் மரக்கொம்புக்குப் போய்விடும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, ஆளை ஏற்றிக்கொண்டே வண்டியை நிறுத்து. ஹெட்லைட்டின் நடு எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்துக்கொள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். 35 வாட் பல்புக்கு வந்த ஹோல்டரில் 55 வாட் பல்பைப் போடாதே, ஹோல்டரும் வயரும் உருகிவிடும். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட்டில் போ. மூடுபனியில் மட்டும் டிம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட் இருட்டில் ஆகாது.

பன்றி எங்கே கடக்கும் என்பதை ரோடே காட்டும், பகலில் திரும்பி வரும்போது பார்த்து வை. ஒரு பக்கம் மரச்சீனியோ வாழையோ, மறுபக்கம் ஓடையோ ரப்பரோ இருந்தால் அது அதற்கு வழி. வேலிக்கு அடியில் மயிர் ஒட்டிய சந்து, திட்டில் சேறு தேய்ந்த தடம், உழுதது போல் கிளறிய மண், இதெல்லாம் அடையாளம். ரப்பர் கன்று நட்ட இடங்களில் மண்ணை மூடி வைக்க வளர்க்கும் மூடுபயிர் இடுப்பளவு மண்டிக் கிடக்கும். ரோட்டோரம்வரை அது வந்திருந்தால் பன்றி சக்கரத்துக்கு முன்னால் வரும்வரை தெரியாது. அங்கே 30-க்கு இறங்கி, நடுரோட்டை ஒட்டிப் போ, இரண்டு விரல் முன்பிரேக்கின் மேல் இருக்கட்டும்.

ஒன்று கடந்தால் உடனே ஆக்சிலேட்டரைத் திருகாதே. தாய்க்குப் பின்னால் குட்டிகள் வரிசையாக வரும், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டியை விட்டால் அது திரும்பிப் பாயும். திடீரென்று முன்னால் வந்துவிட்டால் ஹேண்டிலை வெட்டி ஒதுங்கப் பார்க்காதே. வண்டியை நேராகப் பிடித்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்து, முன்பிரேக்கைப் படிப்படியாக இறுக்கு. இடித்துப் பன்றி விழுந்து கிடந்தாலும் பக்கத்தில் போகாதே, காயம்பட்ட பன்றி குத்தும். விலகி நின்று 108-ஐயும் வனத்துறையையும் கூப்பிடு. இறைச்சிக்கு யாராவது தூக்கினால் நீ கூடச் சேராதே, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம்.

ஆனைக்குப் பலாச்சக்கை பழுக்கும் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஈரம் காயாத ஆனைச் சாணமோ, ரோட்டில் ஒடித்துப் போட்ட பச்சைக் கிளையோ கண்டால் அடுத்த வளைவுக்குள் நுழையாதே. ஆனையையே கண்டால் 100 மீட்டருக்கு இப்பாலே நின்று, ஹாரன் அடிக்காமல், லைட்டை அடித்து அடித்துக் காட்டாமல் வண்டியைத் திருப்பு. அன்றைக்கு வெட்டு தாமதமானால் ஆகட்டும்.

இன்னொன்று. நீ ஓட்டும் வண்டி அத்தான் பெயரில்தான் இருக்கிறது. 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான், ஓட்டுகிறவன் என்பதற்காக உனக்குக் கிடைக்காது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் பன்றி இடித்த வண்டிச் சேதத்துக்கும் ஒன்றும் வராது. ஆர்.சி.யை உன் பெயருக்கு மாற்றி, முழுக் காப்பீடு எடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உன்கூட வேலைக்கு வரும் பையனையும் ஏற்றிக்கொண்டு வண்டியோடு வீட்டுக்கு வா, லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

அன்புடன்,
மாமா