அராரத் யெரெவான்: சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து நீ கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது. இங்கும் எல்லோரும் நலம். கடிதத்தின் முடிவில் நீ கேட்டிருந்ததற்காகவே தாமதிக்காமல் எழுதுகிறேன். ஐரோப்பியப் போட்டி முடிவுகளில் ‘அராரத்-அர்மீனியா’ என்ற பெயரைக் கண்ட உன் பேரன், தாத்தா சொல்லும் பழைய அராரத் இதுதானா என்று கேட்டானாம். இல்லை என்று சொல். அது 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேறொரு கால்பந்துக் கிளப். 2018-19, 2019-20 என அடுத்தடுத்து இருமுறை அர்மீனிய லீகை வென்றது. நாம் இளமையில் பேசிப்பேசி மகிழ்ந்த, அர்மீனியத் தலைநகர் யெரெவானின் அணியான அராரத் யெரெவான் 1935ஆம் ஆண்டு பிறந்தது.

பிறந்தபோது அதன் பெயர் அராரத் அன்று, ஸ்பார்டக். பின்னர் டைனமோ ஆயிற்று. மீண்டும் ஸ்பார்டக் ஆயிற்று. அர்மீனியா அப்போது சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசு. இவை சோவியத் விளையாட்டுச் சங்கங்களின் பெயர்கள். மாஸ்கோவிலும் கீவிலும் திபிலிசியிலும் வழங்கிய பொதுப் பெயர்கள். 1963ஆம் ஆண்டுதான் மலையின் பெயர் வந்தது. யெரெவானில் நின்று பார்த்தால் கண்ணெதிரே நிற்கும் அந்த 5,137 மீட்டர் மலை எல்லைக்கு அப்பால் துருக்கியில் இருக்கிறது. போய்த் தொட முடியாத அம்மலையின் பெயரை எழுபதாயிரம் பேர் ஒரே குரலில் முழங்குவதற்கு ஒரு கால்பந்து அணி வாய்ப்பளித்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அக்கிளப்பின் வரலாற்றைப் படிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

ஸ்பார்டக் யெரெவானாக இருந்த 1954ஆம் ஆண்டு, சோவியத் கோப்பையின் இறுதியாட்டம் வரை அந்த அணி போய், டைனமோ கீவிடம் 2-1 என்று தோற்றது. 1971ஆம் ஆண்டு சோவியத் லீகில் இரண்டாமிடம். அப்போதும் முதலிடம் டைனமோ கீவுக்கே. அதே ஆண்டில்தான் ஹிராஸ்தான் ஆற்றின் பள்ளத்தாக்குச் சரிவில் கட்டிய புதிய விளையாட்டரங்கில் அராரத் ஆடத் தொடங்கியது. அர்மீனியக் குடியரசின் மக்கள்தொகையே ஏறத்தாழ 25 இலட்சம். அதற்கு எழுபதாயிரம் பேர் அமரும் அரங்கம்!

இனி 1973. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நிகிதா சிமோன்யான் பயிற்சியாளராக வந்தார். அர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் அவருடைய புகழெல்லாம் மாஸ்கோவின் ஸ்பார்டக் அணியில் கோல்களாகக் குவித்தது. பயிற்சியாளராகவும் அந்த அணியை இருமுறை சாம்பியனாக்கியவர். அப்பருவத்தில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. ஆட்டம் சமனில் முடிந்தால் உடனே பெனால்டி அடிக்க வேண்டும். அதில் வென்றவருக்கு மட்டுமே ஒரு புள்ளி, தோற்றவருக்கு ஒன்றுமில்லை. சமன் செய்துகொண்டு ஒதுங்கிப் போகும் சோம்பலை ஒழிக்கக் கொண்டுவந்த விதி அது. தாக்கி ஆடுவதையே இயல்பாகக் கொண்ட அணிக்கு அது பொருத்தமாகத்தான் அமைந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அக்டோபர் 10 அன்று மாஸ்கோவில் கோப்பை இறுதியாட்டம். எதிரணி மறுபடியும் டைனமோ கீவ். கொலோதோவ் அடித்த கோலால் கீவ் முன்னிலை பெற்றிருந்தது. முழு ஆட்டமும் முடியும் தறுவாயில் லெவோன் இஷ்தோயான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இரண்டாவது கோலையும் அவரே அடித்தார். 2-1. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எந்தக் கணக்கில் தோற்றதோ அதே கணக்கில், அதே எதிரியை வென்றது. அந்த மாதம் முடிவதற்குள் லீகும் அராரத்தின் கைக்கு வந்தது, இரண்டாமிடம் கீவுக்கு. ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்கள். அர்மீனியாவுக்கு வேறெந்த ஆண்டிலும் சோவியத் லீக் பட்டம் வாய்க்கவில்லை.

அதன் பயனாகவே 1974-75 ஐரோப்பியக் கோப்பையில் நுழைந்து காலிறுதி வரை போனது. அங்கே எதிரே பயேர்ன் மியூனிக். மியூனிக்கில் 2-0 என்று தோற்றபின், யெரெவானில் அர்க்காதி அந்திரியாஸ்யான் அடித்த ஒரே கோலால் 1-0 என்று வென்றது. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்த்தபோது அந்த ஒரு கோல் போதவில்லை. பயேர்ன் முன்னேறி அவ்வாண்டின் கோப்பையையும் கைப்பற்றியது. ஆனால் அத்தொடரில் மிகுந்த கோல் அடித்தவர் வரிசையில் பயேர்னின் கெர்ட் முல்லருக்கு இணையாக ஐந்து கோல்களுடன் நின்றவர் அராரத்தின் எடுவார்ட் மர்காரோவ். இதை உன் பேரனிடம் அழுத்திச் சொல். 1975ஆம் ஆண்டு விக்தர் மஸ்லோவின் பயிற்சியில் இன்னொரு சோவியத் கோப்பையும் வந்தது.

அதற்குப் பிறகு ஏன் சரிந்தது என்று நீ முன்பொருமுறை கேட்டாய். நிர்வாகக் குறைதான் காரணம் என்று நீயே பதிலும் சொன்னாய். நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. எண்பதுகளில் அணி தளர்ந்தது உண்மை. ஆயினும் 1982 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராகச் சோவியத் அணியின் ஒரே கோலை அடித்த ஹோரன் ஹொவ்ஹன்னிஸ்யான் அந்த மண்ணில், அந்த அணியில் வளர்ந்தவர்தான். பெரிய மாற்றம் 1991க்குப் பின் வந்தது. நாடு விடுதலை பெற்றது, சொந்த லீக் அமைந்தது. அதே வேளையில் கீவும் மாஸ்கோவும் திபிலிசியும் எதிரணிகளாக வராமல் போயின. அசர்பைஜானுடனான போரும் முற்றுகையும் மின்வெட்டும் சூழ்ந்த அந்நாட்களில் 1993ஆம் ஆண்டு லீகை வென்ற அராரத்தின் எதிரே நின்றவை சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய ஊர்களின் அணிகள். விடுதலையின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வலிய எதிரியோடு மோதிப் பெருமை பெற்ற கிளப்புக்கு அந்த எதிரியே இல்லாமற்போவது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பார். அதன் பின் அந்த லீகை அது ஒருமுறையும் வெல்லவில்லை. அர்மீனியக் கோப்பையை மட்டும் அவ்வப்போது வென்றிருக்கிறது, கடைசியாக 2021ஆம் ஆண்டு.

உன் பேரனுக்குத் தேதிகளையும் கோல் கணக்கையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முழங்காலை வருத்தாமல் நட. அவன் என்ன சொன்னான் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
நடராஜன்