பிள்ளைகள் சம்பாதித்த பணத்தைப் பிள்ளைகளிடமே விடுங்கள்

மாநிலத்தின் பள்ளிக் கல்வியை நடத்தும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் காவிரிப் படுகையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். மாணவர்களைத் தொழில்முனைவோராக்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கைகளைப் படித்திருக்கிறேன், அவற்றை நம்பியும் இருக்கிறேன். ‘நான் முதல்வன்’, பள்ளிப் புத்தாக்கத் திட்டம் இவற்றின் நோக்கத்தை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் தொழில் செய்யும் மாணவர்கள் ஈட்டும் பணம் அவர்கள் கையிலேயே இருக்கலாம் என்று ஓர் உத்தரவு வேண்டும்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து போன ஆண்டு ஒரு தொழில் தொடங்கினார்கள். ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும் நோட்டுகளில் எழுதாத தாள்கள் எவ்வளவு மிஞ்சுகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். அவற்றைப் பிரித்தெடுத்து, அடுக்கித் தைத்து, அட்டை ஒட்டி, ரஃப் நோட்டாக 15 ரூபாய்க்கு விற்றார்கள். வாங்கியது பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். முதலீடு ஆளுக்கு நூறு ரூபாய்.

அவர்களுடைய கணக்கு நோட்டை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அட்டை 240, பசை 60, நூல் 35 என்று தேதி வாரியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் ‘மழையில் சரக்கிழப்பு, நோட்டு 11’ என்று ஒரு பதிவு. தீ விபத்தில் சரக்கு எரிந்துபோனால் குறிப்பேட்டில் எப்படிப் பதிவது என்று வகுப்பில் கணக்கு போடுகிறோம். மழையில் நனைந்ததை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கணக்கு எழுதும் மாணவி தானாகவே யோசித்துச் சரியான பக்கத்தில் பற்று வைத்திருக்கிறாள். இத்தனை ஆண்டுகளில் என் பாடம் ஒரு பிள்ளையிடம் இவ்வளவு ஆழமாக இறங்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு கண்காட்சி வந்தது. பார்வையிட வந்த அலுவலர் பாராட்டினார், படம் எடுத்துக்கொண்டார். போகும்போது, “இந்தப் பணம் யார் பெயரில் இருக்கிறது?” என்று கேட்டார். பிள்ளைகளிடமே இருக்கிறது என்றோம். பள்ளி வளாகத்தில் வசூலான பணம் தனியார் கையில் இருக்கக் கூடாது, உடனே பள்ளிக் கணக்கில் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். கையில் இருந்த 3,840 ரூபாயும் அன்றே கட்டப்பட்டது.

போட்டது போட்டதுதான். எடுக்க வேண்டுமென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வேண்டும், காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஜிஎஸ்டி பில் வேண்டும். எங்கள் கடைத்தெருவில் அட்டை விற்பவர் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொடுப்பார். கடனுக்கு வாங்கவும் வழியில்லை. 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் என்று நானே இவர்களுக்கு நடத்துகிறேன். எந்தக் கடைக்காரர் இவர்களுக்குக் கடன் கொடுப்பார்? இவர்களுக்கு இருந்த ஒரே பலம் கையில் இருந்த ரொக்கம். அதைத்தான் நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியிலிருந்து 80 நோட்டுக்கு ஆர்டர் வந்திருந்தது. அட்டை வாங்கக் காசில்லாமல் அது கைவிட்டுப் போனது. முன்பணமாக வாங்கியிருந்த 200 ரூபாயைப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். தாங்கள் சம்பாதித்த பணம் வங்கியில் கிடக்க, வீட்டில் போய்க் கை நீட்டினார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தலைமையாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்குத் துணையாக எழுத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் குறை.

பிள்ளைகளிடம் பணம் இருந்தால் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கி, வங்கி வைக்கும் வரம்புக்குள் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டெல்லி அரசு 2021இல் அரசுப் பள்ளிகளின் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில் தொடங்கத் தலைக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. நாங்கள் உங்களிடம் பணம் கேட்கவில்லை. பிள்ளைகளின் பணத்தைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிப் பையன்களில் பலர் முகூர்த்த நாளானால் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறார்கள். ராத்திரி வீடு திரும்பி, மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள். அந்தக் கூலி யார் பெயரில் இருக்கிறது என்று எந்த அலுவலரும் இதுவரை வந்து கேட்டதில்லை. இன்னொருவரிடம் கூலிக்குப் போனால் கேள்வியில்லை, சொந்தமாக ஒரு நோட்டைத் தைத்து விற்றால் விதி வருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை உழைக்கலாம், முதல் வைத்துக்கொள்ளக் கூடாதா? யோசனைப் போட்டி, தெர்மாகோல் மாதிரி, மேடையில் கேடயம் இவை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விற்றுப் பார்த்து, நட்டப்பட்டு, மறுபடி சரக்கு வாங்கினால்தான் அது தொழில்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். மாணவர் தொழில் குழுவின் பணம் அந்தக் குழுவுக்கே உரியது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வையுங்கள், சரி. மாதம் ஒருமுறை வணிகவியல் ஆசிரியர் கணக்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்லுங்கள், மகிழ்ச்சியாகச் செய்கிறோம். சிறு கொள்முதலுக்குத் துண்டுச் சீட்டு போதும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். பணம் மட்டும் அவர்களிடம் இருக்கட்டும்.

பள்ளிக் கணக்கில் கிடக்கும் 3,840 ரூபாயை விடுவிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அந்த ஐந்து பேரும் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குள் அவர்கள் பணம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி வணிகவியல் ஆசிரியர் ஒருவர்