பொட்டுக்குள்ளால் பார்த்த சிறுத்தை

கோண்டாவில்,
20.9.2024

அன்புள்ள மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்தேன், 143. ஒரே நாளில், ரொறன்ரோவில் ஒரே மிருகக்காட்சிசாலையில். நான் ஸ்ரூடியோ வைத்திருந்த காலத்தில் இரண்டு கல்யாண வீட்டுக்குச் சேர்த்தும் அவ்வளவு எடுத்திருக்க மாட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரன் நிற்கும் படங்களை மட்டும் தேடிப் பார்த்தார். "பிள்ளை மெலிந்துபோய்விட்டான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். மிச்சத்தை இரண்டு இரவு இருந்து நான்தான் பார்த்து முடித்தேன்.

கோபிக்காதே பிள்ளை. பாதிக்கு மேல் மிருகத்தைவிட வேலிதான் வடிவாக விழுந்திருக்கிறது. சிங்கத்தின் மூக்குக்குக் குறுக்கே கம்பி. கொரில்லா இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியில் தெரியும் மருமகனின் சிவப்புச் சேட்டு. பனிக்கரடி சாம்பலில் புரண்டு எழுந்ததுபோல் இருக்கிறது. புலியின் வால் மட்டும் ஐந்து படம்.

நீ வேலிக்குள் பிறந்து வளர்ந்தவள். உனக்கு வேலியைத் தாண்டிப் பார்க்கத் தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது? நம் பழைய வீட்டுக் கிழக்கு வேலியில் நாய் நுழைந்து நுழைந்து போட்ட பொட்டு, அந்த ஓட்டை, நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டு மாமி முயல் வளர்த்தபோது நீ குந்தியிருந்து அதற்குள்ளால் மணிக்கணக்காகப் பார்ப்பாய். இரண்டடி தள்ளி நின்றால் கிடுகு மட்டும்தான் தெரியும். கண்ணைப் பொட்டோடு ஒட்டி வைத்தால் கிடுகு எங்கே போனதென்றே தெரியாது, மாமியின் முற்றம் முழுவதும் உன்னுடையதாகிவிடும். கமெராவுக்கும் அதே சங்கதிதான். உன் போனின் லென்ஸ் ஓர் உழுந்து அளவுதானே, கம்பி வலையின் ஒரு கண்ணுக்குள் அப்படியே வைத்து எடுக்கலாம். பெரிய கமெராவால் அது முடியாது. நீ ஆறடி தள்ளி நின்று கையை உயர்த்தி எடுத்திருக்கிறாய்.

எனக்கும் இது அடிபட்டு வந்த புத்திதான். 1979இல் நானும் அம்மாவும், கல்யாணம் முடிந்த புதிதில், இரவு மெயில் ரயிலில் ஏறி விடியற்காலையில் கொழும்புக் கோட்டையில் இறங்கினோம். அங்கிருந்து தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். என்னிடம் ரஷ்யாக்காரன் செய்த செனிட் கமெரா, 36 படச் சுருள் ஒன்று. அதில் இருபது படம் அம்மாவுக்கே போய்விட்டது. மிச்சத்தில் பதினொன்றைச் சிறுத்தைக்கு முன்னால் செலவழித்தேன். கூண்டுக்குள் அது மேற்கும் கிழக்குமாக நடந்துகொண்டே இருந்தது. திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்று எங்களைப் பார்க்கும். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து எடுத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

ஊருக்கு வந்து இருட்டறையில் தாளைத் தட்டில் போட்டு ஆட்டினேன். நீயும் சிறுவயதில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் என் பக்கத்தில் நின்றிருக்கிறாய். கறுப்பு முதலில் வரும், வெள்ளை வராமலே நின்றுவிடும். முதலில் சிறுத்தையின் புள்ளிகள் மிதந்து வந்தன. பிறகு கண்மணி, பிறகு காதின் பின்பக்கம். ஆனால் முகத்துக்குக் குறுக்கே இரண்டு கோட்டில் எதுவும் வரவே இல்லை. தாளை இன்னும் ஆட்டினேன். வரவில்லை. வெயில் பட்டு மின்னிய கம்பி.

எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கம்பியை நல்ல கூர்மையாக எடுத்திருக்கிறாய் தம்பி" என்றார். அன்று முழுவதும் வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள்தான் விளக்கினார். வெயில் படாத, நிழல் விழுந்த கம்பிப் பக்கமாகப் பார்த்து நில். லென்ஸின் துளையை முழுதாகத் திற. மிருகம் கம்பியை விட்டு நன்றாக உள்ளே தள்ளிப் போகும்வரை பொறு. அப்போது கிட்ட இருக்கும் கம்பி கரைந்து புகையாகிவிடும். போனில் உனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: திரையில் மிருகத்தின் கண்மேல் விரலால் தொடு. தொடாவிட்டால் அது கிட்ட இருக்கும் கம்பியைத்தான் பிடித்துக்கொள்ளும். கூண்டுக்கு முன்னால் இன்னொரு மறிப்புக் கம்பி போட்டிருந்தால் அதற்கு மேலால் கை நீட்டாதே. படம் போனால் போகட்டும்.

கண்ணாடிக் கூண்டு என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வை, பக்கத்துக்குக் கையால் மறைப்புக் கொடு, கறுத்தச் சட்டை போட்டுக்கொண்டு போ. மருமகனுக்கும் சொல். பிளாஷ் வேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு உன் முகத்துக்கே திரும்பி வரும். இரவில் திரியும் மிருகங்களுக்கு அது கண்ணைக் குத்தும் தொல்லை. கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அவற்றுக்கு இருக்கிறது, அதனால் படத்திலும் பேயின் கண் மாதிரி விழும். கண்ணாடியில் தட்டி மிருகத்தை எழுப்புகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. பேரன் தட்டுவது 61ஆவது படத்தில் தெரிகிறது.

பனிக்கரடிக்கு வருகிறேன். எந்தக் கமெராவும் உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையைக் காட்டினால் இருட்டாக்கிச் சாம்பலாக்கும், கறுப்பைக் காட்டினால் வெளிச்சம் கூட்டி வெளிறவைக்கும். வெள்ளை மிருகத்துக்கு நீயே கொஞ்சம் வெளிச்சம் கூட்டு, கறுப்புக்குக் குறை. கரடியைத் தொட்ட பிறகு வரும் சூரியக் குறியை விரலால் மேலே தள்ளினால் போதும். என் செனிட்டில் இதற்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் அதன் வெளிச்சமானி பற்றரி இல்லாமலே வேலை செய்யும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தபோது, நல்ல கமெரா வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு என் செனிட்டை இரவல் கேட்டு வந்தார்கள்.

ஒக்டோபரில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தின் விவசாயக் கண்காட்சிக்குப் பேரனைக் கூட்டிப் போகப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே வேலித் தொல்லை குறைவு, மாடும் குதிரையும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஆனால் அதில்தான் பெரிய பிழை விடுவார்கள். நான் விட்டேன். வண்டிச் சவாரிப் போட்டிக்கு மாடு வைத்திருந்த ஒரு கமக்காரர் புத்தூர்ப் பக்கமிருந்து தன் நாம்பனை ஸ்ரூடியோவின் பின்வளவுக்கே கொண்டுவந்தார். குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி, சவாரியில் வென்ற பட்டுத்துண்டையும் கொம்பில் சுற்றியிருந்தார். பொடியனை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன், வயிற்றின் கீழ்ப்பக்க நிழலுக்குள் வெளிச்சம் போக. கிட்டப் போய், முன்னுக்கு நின்று, முகம் நிறைய எடுத்தேன். எனக்கு நல்ல திருப்தி.

மனிதர் படத்தை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது என்னுடைய மாடு இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. கிட்ட நின்று எடுத்தால் மூக்கு ஊதி, நெற்றி சுருங்கி, பின்னங்கால் எலிக்கால் ஆகிவிடும். அவருக்கு வேண்டியது நாலு காலும் தனித்தனியாகத் தெரிவது, திமில், வால் குஞ்சம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழி. மாடு வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தானே. மறுபடி எடுத்தோம். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில், மாட்டின் நெஞ்சு உயரத்துக்கு நான் முழந்தாளில் இருந்தேன். காது தொங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பொடியனை எனக்குப் பின்னால் நிறுத்தித் தவிட்டு வாளியை ஒருமுறை தட்டச் சொன்னேன். ஒரே ஒருமுறை. இரண்டு காதும் முன்னுக்கு வந்தன, கண்ணில் வானத்தின் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது, அமுக்கினேன். இரண்டாவது தட்டுக்கு மாடு ஏமாறாது, அதை நினைவில் வைத்துக்கொள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சாமி அறையில் மாட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெண்சாதியின் படம் விறாந்தையில்தான்.

அங்கே கண்காட்சியில் மாட்டுக்காரர்களும் இதே இனம்தான், பாஷை மட்டும் வேறு. முதலில் மாட்டுக்காரரிடம் கேள், பிறகு எடு. மாட்டின் எதைக் காட்ட விரும்புகிறார் என்று கேட்டால் மனிதர் உனக்காக அரை மணித்தியாலம் மாட்டைத் திருப்பித் திருப்பி நிறுத்துவார். பின்னணியில் குப்பைவாளி நிற்கிறதா என்று பார். குதிரை என்றால் காது முன்னுக்கு இருக்கும்போது மட்டும் எடு. காதைப் பின்னுக்கு மடித்திருந்தால் அது கோபமாக இருக்கிறது, பேரனைத் தள்ளி நிறுத்து.

குதிரை என்றதும் நினைவு வருகிறது. போன வருடம் குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் ஆடி ஆடி நெடுந்தீவுக்குப் போனேன், அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த குதிரைகளின் வம்சம் அங்கே மேய்ந்து திரிகிறது. வேலி கிடையாது, கூண்டு கிடையாது, பவளக்கல் மதில் மட்டும். ஒரு நல்ல படமும் கிடைக்கவில்லை. நான் நாலு எட்டு வைத்தால் அவை எட்டு எட்டு வைக்கும். எழுபத்துநாலு வயதில் குதிரையைத் துரத்துவதா? வேலி இருந்தால்தான் கிட்டப் போகலாம் என்ற பொல்லாத உண்மை அங்கேதான் விளங்கியது.

தெகிவளையைத் தொடங்கிய ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மன்காரரின் தமையன் முறையானவர் கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஹம்பேர்க்கில் கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டி ஒரு மிருகக்காட்சிசாலை திறந்தார். பார்ப்பவர் கண்ணுக்குத் தடையே தெரியாது, சிங்கம் வெளியில் நிற்பதுபோலவே இருக்கும். தம்பியோ 1920களில் தெகிவளையில், ஐரோப்பாவுக்கு ஏற்றும் மிருகங்களைக் கப்பல் வரும்வரை அடைத்து வைத்திருந்தார். 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது. படம் எடுக்கிறவனுக்குத் தமையனின் அகழி வலு வசதி. மிருகத்துக்கு இரண்டும் ஒன்றுதானே என்று சில நேரம் யோசிப்பேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வேலியை மறைக்கப் பழகு. ஆனால் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு படம் வேலியோடேயே எடு. 2012இல் நீயும் மருமகனும் யானைக்கு முன்னால் எடுத்து அனுப்பிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தடித்த இரும்புக் கம்பிகள், அதற்கு அப்பால் யானை, உங்களுக்குப் புதுக்கல்யாணச் சிரிப்பு. அடுத்த வருடமே ரொறன்ரோவில் இருந்த மூன்று யானைகளையும் கலிபோர்னியாவில் உள்ள ஒரு சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கம்பியையும் சேர்த்து நீ எடுத்ததால்தான் அவை எப்படி நின்றன என்று இன்றைக்கும் பார்க்க முடிகிறது.

என் சிறுத்தையின் கதையும் அதுதான். 1981இல் இரவல் வாங்கிய நீட்டு லென்ஸோடு மறுபடி தெகிவளைக்குப் போனேன். முதலாளி சொன்னபடி கம்பியே தெரியாமல் எடுத்து, பெரிதாக்கி, ஸ்ரூடியோ வாசலில் மாட்டினேன். காட்டில் எடுத்ததா என்று சனம் கேட்கும். நான் ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, நம் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது உனக்குப் பதினொரு வயது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஸ்ரூடியோவில் படமும் இல்லை, நெகற்றிவ்களும் இல்லை, கதவும் இல்லை. தப்பியது அந்த முதல் படம்தான், முகத்தில் இரண்டு வெள்ளைக் கோட்டோடு. பழுதான படம்தானே என்று அம்மா அதன் பின்பக்கத்தில் சீட்டுக் கணக்கு எழுதி வைத்திருந்தார். சீட்டுக் காசு வர இருந்ததால் அதைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அதை உனக்கு அனுப்புகிறேன். பெரியமாமாவின் மகன் டிசம்பரில் அங்கே வருகிறான், ஒடியல் மாவோடும் மிளகாய்த்தூளோடும் அவன் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். பின்பக்கத்தையும் பார். இரண்டு பேர் இன்னும் காசு தரவில்லை.

கண்காட்சிப் படங்களை 143 ஆக அனுப்பாதே. ஒரு மாட்டின் முன்னால் அரை மணித்தியாலம் நில், மூன்று அனுப்பு. கடையில் கொடுத்து அச்சடித்துத் தபாலில் அனுப்பினால் இன்னும் நல்லது, போனில் பார்க்க என் கண்ணுக்கு இயலவில்லை.

மருமகனையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா இதை எழுதச் சொல்கிறார். 87ஆவது படத்தில் பேரனின் ஒரு காலில் சப்பாத்து இல்லை. மற்றச் சப்பாத்து எங்கே?