படுக்கையே நோயாகிவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிமோனியாவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சேர்க்கப்படும் முதியவர், காய்ச்சல் தணிந்து வீடு திரும்பும்போது சக்கர நாற்காலியில் திரும்புவதை நம் மருத்துவமனைகளில் அன்றாடம் காண்கிறோம். நடந்து வந்தவர் ஏன் நடக்க முடியாமல் போகிறார் என்று கேட்டால், ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. வார்டுகளில் பல்லாண்டு பணிபுரிந்த செவிலியர் என்ற முறையில், அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை.

2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, மருத்துவமனையில் சேர்ந்த 70 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 35 விழுக்காட்டினர், குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குச் செல்வது போன்ற வேலைகளில் நோய்க்கு முன் இருந்த திறன் குறைந்தே வீடு திரும்பினர். 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடல்நலமுள்ள முதியவர்களே பத்து நாள் படுத்திருந்ததில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தனர். காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த நோயாளிக்கு இழப்பு இதைவிடக் குறையாது.

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல. விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் கட்டிலின் பக்கக் கம்பிகளை உயர்த்துகிறோம். கழிவறைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாததால் டயப்பர் கட்டுகிறோம், அல்லது யூரின் டியூப் போட்டு, தேவை தீர்ந்த பின்னும் எடுக்க மறந்துவிடுகிறோம். டிரிப்ஸ் ஒரு கையைக் கட்டிலோடு பிணைத்துவிடுகிறது. கண்ணாடி, காது கருவி, பல் செட் ஆகியவை தொலைந்துவிடும் என்று உறவினர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவதால், பார்வையும் செவியும் மங்கிய நிலையில் இரவில் குழம்பிப் பிதற்றும் முதியவருக்குத் தூக்க மருந்து தரப்படுகிறது. மறுநாள் பகல் முழுவதும் அவர் எழுவதேயில்லை. கூடவே, ‘அசையாதீங்கப்பா, நான் ஊட்டுறேன்’ என்ற பிள்ளைகளின் பாசமும் (அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை) தன் பங்கைச் செய்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உருவான முதியோர் திட்டம் ஒன்றில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நோயாளிகளை நடக்கவைத்தும், பேசிக்கொண்டிருந்தும், கண்ணாடியும் காது கருவியும் அணிவித்தும் மனக்குழப்பத்தைக் குறைத்துக் காட்டினார்கள். நம்மிடமோ ஒவ்வொரு கட்டிலருகிலும் ஓர் அட்டெண்டர் இருக்கிறார். மருந்துச் சீட்டோடு அலையவிடப்படும் அந்த உறவினருக்கு, நோயாளியை முதலில் உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லையென்று அறிந்த பின் நிற்கவைத்து, பிடித்து நடத்தும் முறையைச் செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். சாப்பாட்டை நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுப்பதற்குச் செலவே இல்லை. எலும்பு முறிவு, மூச்சுத் திணறல் போன்ற நிலைகளில் எழுப்பலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவு கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். எழுதப்படாத ஓய்வு, தேதி குறிக்காத ஓய்வாகிவிடுகிறது.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வருவது பாராட்டத்தக்கது. எனினும், மருத்துவமனையில் இழந்த நடையை வீட்டில் தேடுவதைவிட, அங்கேயே காப்பது எளிது. சேர்க்கையின்போது நோயாளி எப்படி நடந்தார், வெளியேறும்போது எப்படி நடக்கிறார் என்ற இரண்டு வரிகளை ஒவ்வொரு முதியவரின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கட்டாயமாக்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.